கல்லுக்குள் போன பொடி

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கனகா ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். கட்டடக் கற்களின் அடர்த்தியைக் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு.

கோணல்மாணலான துண்டை அளவுகோலால் அளக்க முடியாது. தண்ணீரில் போட்டால் லேசான கான்கிரீட் கல் அதைக் குடித்துவிடும். அதனால் தண்ணீர்போல வழியும் நைசான உலர்பொடிக்குள் துண்டைப் புதைத்து, கருவியால் அழுத்தி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முன் துண்டைத் துடைத்து, ஓவனில் காயவைத்து, பெரிய துளைகளை மெழுகால் மூட வேண்டும். மூடாவிட்டால் பொடி உள்ளே போய்விடும். அடைக்கும் இடம் குறைந்து, இல்லாத அடர்த்தி இருப்பதாகக் காட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, போன வாரம் சோதித்த துண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை மேசையில் தட்டியதும் வெள்ளைப் பொடி கொட்டியது. மறுபடி தட்டினாள். நின்றபாடில்லை. திருப்பிப் பார்த்தால், சுண்டுவிரல் நுழையும் துளை. மெழுகே இல்லை; பூசாமல் விட்டது அவளேதான். அதே லாரியில் வந்த மற்ற இரண்டு துண்டுகளும் அப்படித்தான்.

வாடிப்பட்டிப் பக்கம் கட்டும் அங்கன்வாடிக்கு வந்த கல் அது. லிட்டருக்கு 551 கிராமுக்குக் குறையக்கூடாது; குறைந்தால் சுவருக்குப் பலம் போதாது. 563 என்று அவள் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமையே அறிக்கை போய்விட்டது. மெழுகு பூசி மறுபடி அளந்தாள். 528.

மேலாளர் ராஜபாண்டி கதவைச் சாத்தினார். "அறிக்கை போயாச்சும்மா. இப்ப மாத்துனா லேப் பேரு என்னாகும்? வாயத் திறக்காத."

இடத்துக்குத் திரும்பினாள். வேலை போய்விடுமோ, போலீஸ் வருமோ என்று பயம். அதைவிட, சுவரோரம் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தபடி இருந்தார்கள். மதியம் யாருக்கும் கேட்காதபடி ஜெனரேட்டர் பக்கம் போய், அங்கன்வாடி கட்டும் இன்ஜினியர் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள். மணி அடித்ததும் பயத்தில் கட் பண்ணினாள். மறுபடி போட்டாள்.

"மேடம், லேப்ல இருந்து கனகா. செவரு எம்புட்டு ஏறியிருக்கு?"

"ஜன்னல் மட்டம் வந்திருச்சு. ஏன்?"

"நான் குடுத்த அளவு தப்பு மேடம். மேல கட்டாதீங்க."

தமிழ்ச்செல்வி தள்ளிப் போனதுபோல் சிமெண்ட் கலக்கும் சத்தம் குறைந்தது.

"ஒங்க சாருக்குத் தெரியுமா?"

"தப்பு தெரியும். நான் பேசுறது தெரியாது."

"வேலைய நிப்பாட்டுறேன். அஞ்சு கல்லு எடுத்துக்கிட்டு நானே வாரேன்."

கனகா நேரே மேலாளரிடம் போனாள். "சொல்லிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நாலு மணிக்குக் கற்கள் வந்தன. அவற்றிலிருந்து துண்டுகள் எடுத்துக் காயவைத்தார்கள். மறுநாள் தமிழ்ச்செல்வி பார்த்திருக்க கனகா மெழுகு பூசினாள். இரண்டு முறை சிந்தினாள். பக்கத்தில் வந்து நின்ற ராஜபாண்டி குனிந்து பார்த்தார். "அந்த ஓரத்துலயும் ஒரு ஓட்ட இருக்கு பாரு."

ஐந்தில் மூன்று தேறவில்லை. எழும்பிய சுவரை இடித்துவிட்டு, மீதிக் கல்லைத் திருப்பி அனுப்பினார்கள்.

கனகாவுக்குப் பத்து நாள் சஸ்பெண்ட். அந்தப் பத்து நாளும் போன் அடித்தாலே லேப் நம்பரா என்று பார்த்தாள். பதினோராம் நாள் வேலைக்குப் போனபோது படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது: 'துளைகளை மூடியதைச் சரிபார்த்தவர்'. அதில் ராஜபாண்டி கையெழுத்துப் போடத் தொடங்கியிருந்தார்.