சார்ஜில் கிடக்கும் சக்களத்தி

எங்கள் படுக்கையறையில் திராட்சை வாசனை அடிக்கிறது. வீட்டில் திராட்சை இல்லை. நான் கம்பத்துக்காரி. திராட்சை எப்படி மணக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் பன்னீர் திராட்சையைக் கொத்தோடு மூக்கருகே கொண்டுபோனால்தான் வாசனை வரும். அதிலும் பாதி மண் வாசனை, கொஞ்சம் மருந்து வாசனை. இதுவோ கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிறது. திராட்சையைக் கண்ணால் பார்க்காத ஒருவன், பார்த்தவனிடம் விசாரித்துச் செய்த மிட்டாய் மாதிரி இருக்கிறது. இந்த வாசனை வருவது என் கணவரின் வாயிலிருந்து.

அந்தச் சாமானுக்கு வேப் என்று பெயர். நடுவிரல் நீளம்தான் இருக்கும். உறிஞ்சினால் நுனியில் நீல விளக்கு எரியும், வாயிலிருந்து ஆவி வரும், நெருப்பும் கிடையாது சாம்பலும் கிடையாது. இந்த நாட்டில் அதை விற்கத் தடை இருப்பதால் ஷார்ஜாவிலிருந்து சூட்கேசில், என் மைனியின் சுரிதார்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. மைனி என்றால் என் கணவரின் அக்கா, சுபைதா. இப்போது அது என் வீட்டில் என் கணவரின் தலையணைக்குப் பக்கத்தில் வயரை மாட்டிக்கொண்டு கண்சிமிட்டிக் கிடக்கிறது. சக்களத்தி என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். உங்கள் வயிறு எரியவில்லை, என் வயிறு எரிகிறது.

மலையைத் தாண்டினால் வெளிநாடா என்று கேட்பார்கள். கல்யாணம் கட்டித் தாண்டாதவர்கள் கேட்கிற கேள்வி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ் ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள் என்று சொல்லித்தான் என்னைக் கொடுத்தார்கள். தமிழ்தான் பேசினார்கள். ஆனால் அந்தத் தமிழ் மலையாளத்தின் சட்டையைப் போட்டிருந்தது. சாயா, கப்பை, சேட்டன் என்பதெல்லாம் போகப்போகப் பழகிவிட்டது. ராகம்தான் பழகவில்லை. என் மாமி, அதாவது மாமியார், அன்பாகக் கேட்கிறாரா கோபமாகக் கேட்கிறாரா என்று தெரியாமல் முதல் மாதங்களில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தமிழில் பேசித் தனியாக இருப்பது எப்படி என்று அப்போது கற்றுக்கொண்டேன்.

அந்தத் தனிமையிலிருந்து என்னை வெளியே கூட்டிப்போனது சிகரெட். என் கணவர் அன்வர் ஒரு மிளகு, சுக்கு ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு பார்க்கிறார். மாலையில் வேலை முடிந்து வந்து சாயா குடித்ததும் அவருக்கு ஒரு சிகரெட் வேண்டும். அம்மா முன்னால் பிடிக்க மாட்டார். அவர் பிடிப்பது மாமிக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வெளியே போக ஒரு சாக்கு தேவைப்பட்டது. புதுப்பெண்ணாக நான் வந்து சேர்ந்தேன்.

"உம்மா, இவளுக்கு வீட்டு நினைவாட்டு இருக்கு. ஒண்ணு நடத்திட்டு வரேன்" என்பார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். நடிக்கவே தேவையில்லை, முகம் ஏற்கெனவே தொங்கித்தான் இருந்தது. "பாவம், கூட்டிட்டுப் போடா" என்பார் மாமி.

கம்பத்தில் நான் காரணமில்லாமல் தெருவில் நடந்தவள் இல்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று போக ஓர் இடம் இருக்க வேண்டும். கூட நாலு பெண்கள் வேண்டும். அந்தி நேரத்தில் ஓர் ஆணோடு, அவன் புருஷனாகவே இருந்தாலும், சும்மா காற்று வாங்க நடந்தால் மறுநாள் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடைக்கே செய்தி போய்விடும். இங்கேயோ தினமும் நடந்தேன். எங்கள் சந்தின் முனைக் கடையில் அவர் சிகரெட் வாங்குவார். கிடங்குகளின் ஓரமாக, மிளகும் சுக்கும் நெடியடிக்கும் பஜார் ரோட்டில், நடுரோட்டில் படுத்திருக்கும் ஆடுகளைச் சுற்றிக்கொண்டு நடப்போம். இரண்டு கிடங்குகளுக்கு இடையே ஒரு சந்து காயல் தண்ணீரில் போய் முடியும். அங்கே நின்று இன்னொன்று பற்றவைப்பார். அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அங்கேதான். நான் பேசிக்கொண்டே இருப்பேன். அத்தா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரியின் வாய், எங்கள் தோட்டத்தில் கொத்து வெட்டும் நாளில் நடக்கும் சண்டை, பள்ளிக்கூடத்தில் பயந்து ஒளிந்த டீச்சர் என்று கம்பத்தையே அங்கே கொண்டுவந்து கொட்டினேன். அவர் புகையை என் பக்கம் வராமல் முகத்தைத் திருப்பி விட்டுவிட்டுத் தலையாட்டுவார்.

அதற்காக அவர் சிகரெட் பிடிப்பதை நான் ஆதரித்தேன் என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அவர் இருமுகிற இருமலில் ஜன்னல் கம்பியே அதிரும். கெஞ்சினேன், அழுதேன், பேசாமல் இருந்தேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி அசையவில்லை. "நிறுத்தலாம், நிறுத்தலாம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பற்றவைக்கும்.

போன முறை லீவுக்கு வந்த மைனி ஒரே விரலால் அந்த அம்மியை நகர்த்திவிட்டார். "உன் மச்சான் இதிலேயாக்கும் சிகரெட்டை விட்டது. நீயும் நோக்கு" என்று தன் புருஷனைச் சொல்லி, அந்தச் சாமானைத் தன் தம்பி கையில் கொடுத்தார். தம்பி பள்ளிக்கூடப் பையனைப் போல வாங்கிக்கொண்டார். பிறகு மைனி என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, "நீ பறஞ்சு கேக்காதவன் நான் பறஞ்சா கேப்பான், கண்டியா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. என் ஏழெட்டு வருஷக் கண்ணீருக்குக் கிடைக்காத மரியாதை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குக் கிடைத்தது. அதிலும் திராட்சை வாசனையை அவரே தேர்ந்தெடுத்தாராம். என் புருஷன் எப்படி மணக்க வேண்டும் என்று ஷார்ஜாவில் ஒருவர் முடிவு செய்கிறார்.

சிகரெட் ஒரேயடியாகப் போகவில்லை, ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் காலையில் மொட்டை மாடியில் பிடிப்பது போனது, அந்த இடத்தில் வேப் வந்தது. பிறகு ஆபீஸில் சாயாவோடு பிடிப்பது, பிறகு மதியம் சாப்பிட்டபின் பிடிப்பது. வேப்பைத் தெருவில் எடுக்க முடியாது. போலீஸ்காரன் பார்த்தால் வம்பு. அதனால் மாலை நடைக்கு மட்டும் சிகரெட்டே நின்றது. "அந்த ஒண்ணை மாத்திரம் விட முடியலே" என்று மைனியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாவற்றையும் சக்களத்தி எடுத்துக்கொள்ளட்டும், அந்த ஒன்று என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டியாவது இப்படிப் புருஷனின் சிகரெட்டுக்குச் சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன்.

ஒருநாள் அதுவும் போனது. சாயா குடித்துவிட்டு எழுந்தவர் செருப்பைத் தேடாமல் படுக்கையறைக்குள் போனார். நான் புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

"மச்சான், போகலையா?"

"இன்னைக்கு வேண்டா. காலு வேதனை."

மறுநாள் மழை. அதற்கு மறுநாள் காரணம் எதுவும் சொல்லவில்லை. நானும் புடவை மாற்றவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் போன், ஒரு கையில் அவள். அறை முழுக்கத் திராட்சை. மாமிக்கு வாயெல்லாம் பல். "இப்ப வீடு எந்து நல்ல மணம்! எல்லாம் சுபைதா செஞ்ச புண்ணியம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்தச் சாமானும் நல்லதில்லை, அதிலும் நிகோட்டின்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் காலை இருமல் குறைந்திருந்தது. இருமல் குறைந்த புருஷனைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற பெண்டாட்டியை யார் மதிப்பார்கள்? அவர் நெஞ்சுக்காக அல்லாவுக்கு நன்றி சொன்ன அதே வாயால் அந்த நீல விளக்கைச் சபித்தேன்.

என்னை உண்மையில் அரித்தது வேறு. சிகரெட்டுக்கு நான் ஒரு சாக்கு. சிகரெட் போனபின் சாக்கும் தேவையில்லை. அப்படியானால் அத்தனை வருஷம் தண்ணீர் ஓரத்தில் நான் பேசியதை யார் கேட்டார்கள்? என்னோடு வந்தாரா, அல்லது சிகரெட்டோடு போகும்போது நான் பின்னால் போனேனா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். ஒரு சாயங்காலம், அவர் வருவதற்குள், சந்தின் முனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பஷீர் இக்கா. அண்ணன் என்பதை இங்கே இக்கா என்கிறார்கள். வெற்றிலை, மிட்டாய், ஷாம்பு எல்லாம் தொங்கும் சின்னக் கடை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "இக்கா, ஒரு சிகரெட்" என்றேன். வாங்கிக்கொண்டுபோய் என் கணவர் முன்னால் நீட்டி, வாங்க நடக்கலாம் என்று சொல்லப்போகிறேன். அவ்வளவுதான் என் திட்டம்.

இக்கா என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"படச்சோனே சத்யம், மோளே! அவன் இவிடெ வாங்காறில்லா!"

படைத்தவன் மேல் சத்தியமாக அவன் இங்கே வாங்குவதில்லையாம். நான் உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். புருஷன் திருட்டுத்தனமாக வாங்குகிறானா என்று சோதிக்கிறேனாம். இல்லை இக்கா, எனக்கு உண்மையிலேயே வேண்டும் என்று சொன்னால் அது இன்னும் மோசம். அவர் விடவில்லை.

"நிறுத்தி, முழுவன் நிறுத்தி. ஞான் சோதிச்சப்போ அவன் பறஞ்ஞு, பீவி கரஞ்ஞு பறஞ்ஞிட்டா நிறுத்தியதெந்நு. மிடுக்கி!"

இக்கா கேட்டபோது, பெண்டாட்டி அழுது சொன்னதால் நிறுத்தினேன் என்று என் கணவர் சொன்னாராம். நான் கெட்டிக்காரியாம். மைனி பெயர் அந்தக் கடையில் அடிபடவே இல்லை. சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி நின்று, இரண்டு எலுமிச்சை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவர் வந்து சாயா குடித்துக் கட்டிலுக்குப் போகும்முன் வாசலை மறித்துக்கொண்டேன். "எனக்கு நடக்கணும்" என்றேன். மாமிக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கையில் சிகரெட் இல்லாதவருக்கு மெதுவாக நடக்கத் தெரியவில்லை. ஆடுகளைத் தாண்டி விறுவிறுவென்று முன்னால் போனார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார், பிறகு சட்டைப் பைக்குள் விட்டார். நான் நேராகக் கேட்டேன்.

"சிகரெட்டுக்காகத்தான் என்னையக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரிந்தவர் இல்லை. "ஆத்யம் அப்படித்தான்" என்றார்.

"பெறகு?"

தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "முதல் சிகரெட்டு இவிடே வந்து எத்துறதுக்கு முன்னே தீர்ந்துடும். உன் கதை பாதியிலே நிக்கும். ஒரு ஆணும் பெண்ணும் இவிடே சும்மா நின்னா ஆளுக நோக்குவாங்க. கையிலே ஒண்ணு புகைஞ்சா, ஓ, புகைக்க வந்தவன்னு விட்டுட்டுப் போவாங்க. ரெண்டாவது உன் கதைக்காக்கும்."

நான் தினமும் திட்டிய சிகரெட் அது. அதைத்தான் என் பேச்சைக் கேட்பதற்காகப் பற்றவைத்திருக்கிறார். அவர் நெஞ்சில் தேங்கியதில் பாதி கம்பத்துப் புகை. எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்காதது போல இருந்தார். அது அவர் பழக்கம்.

"இப்ப சிகரெட்டு இல்லே. ஆளுக நோக்கினா நோக்கட்டும். பறை" என்றார்.

வாயைத் திறந்தேன். எதிரே துறைமுகத் தீவில் கிரேன்களுக்கு விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அத்தாவைப் பற்றிச் சொல்லலாமா? அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கே போனில்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை. தோட்டச் சண்டையை முன்பே பலமுறை சொல்லியாயிற்று. எதை எடுத்தாலும் பழையதாக இருந்தது. இந்தத் தண்ணீர் ஓரத்தில் முன்பு ஒரு கம்பத்துப் பெண் நின்றாள், ஓர் ஊரையே வாய் நிறைய வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசினாள், அவள் பேச்சைக் கேட்பதற்காக ஒரு மனிதன் தன் நெஞ்சைக் கருக்கிக்கொண்டான். வேப்பைப் பார்த்து நான் பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை. அவளைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

"பறையடி" என்றார் மறுபடியும்.

"நாளே மத்தி மீனுக்கு விலை கொறையும்னு தோணுது, மச்சான்" என்றேன், மாமியின் ராகத்திலேயே.