ஆலங்கட்டியை விழுங்கிய நாள்

மே 6, செவ்வாய். வழக்கம்போல் அலுவலகம் போய் வந்தேன். மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது ஆலங்கட்டி மழை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அகராதியைப் புரட்டினேன். ஆலம் என்றால் நீர், நஞ்சு, ஆலமரம் என்று மூன்றும் இருந்தன. குழப்பம் தீரவில்லை.

ஏழு வயதிலும் இதே குழப்பம்தான். சேலை நெய்யத் தெருவில் நீட்டியிருந்த பட்டு நூல் பாவு மேலும் நனையாதபடி அப்பாவும் அம்மாவும் ஆலங்கட்டி மழையில் அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கட்டியை எடுத்து விழுங்கிவிட்டேன்.

"டேய், அது ஆலகால விஷம்டா! சாமிக்கே கழுத்து நீலமாச்சுது" என்றார் அப்பா.

"ஐயே, புள்ளைய இன்னாத்துக்குப் பயமுறுத்தற? ஆலம்பழமாட்டம் இருக்குது, அதான் அந்தப் பேரு. நீ பாவைப் புடிய்யா" என்றாள் அம்மா.

பாவு நனைந்த கவலையில் இருவரும் அதை உலர்த்தப் போய்விட்டார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் படுத்தேன். மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தேன்.