ஒற்றை ஆள் சொன்ன 'நாங்கள்'

எங்கள் பங்குச்சாமியின் அப்பா பஸ் கண்டக்டர். இதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் பீடத்திலிருந்தே குரல் வரும்: "முன்னாடி இடம் இருக்கு, உள்ள வாங்க, உள்ள வாங்க!" மைக் தேவைப்படாத தொண்டை. அந்தத் தொண்டைக்குச் சமைத்துப் போட்டவள் நான். என்னைவிட இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார், நான் சாமி என்பேன். குழம்பில் உப்பு கூடிப்போன நாளில் இரண்டு மரியாதையும் காற்றில் பறக்கும்.

முன்னாடி இடம் இருந்தது உண்மைதான். யாருக்கு எந்தப் பக்கத்து இடம் என்பதில்தான் வில்லங்கம். ஊரில் இருக்கிற ஒரே செருப்பு ஃபேக்டரியில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டுக்கு வெளியே நின்று கொடி பிடித்தவர்கள் கோவிலில் வலப்பக்கம். கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனவர்கள் இடப்பக்கம். ஃபேக்டரியில் சமரசமாகிச் சம்பளமும் ஏறிவிட்டது. கோவிலில் மட்டும் வேலைநிறுத்தம் முடியவில்லை. "பெஞ்சு தேக்கு, உக்காந்திருக்கிறது கருங்காலி" என்று வலப்பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும். அந்தப் பிள்ளைகளில் பாதி வேலைநிறுத்தத்தின்போது பிறக்கவேயில்லை.

தர்மம் செய்வதிலும் இதே கதை. ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் குழு இரண்டாக உடைந்து, கோவில் கூடத்தின் நடுவே பலகைத் தட்டி எழும்பியது. அந்தப் பக்கம் ஒரு அடுப்பு, இந்தப் பக்கம் ஒரு அடுப்பு. கண் தெரியாத ஒரு கிழவியை இரண்டு குழுவும் 'எங்க ஆள்' என்று பிடித்துக்கொண்டதால் அவளுக்குத் தினமும் இரண்டு சாப்பாடு. ஒன்றைத் தெரு நாய்க்கு வைப்பாள். அந்தத் தெருவிலேயே கொழுத்த நாய் அதுதான்.

புதிதாக வந்த சாமி முதலில் சந்தோஷப்பட்டார். "போட்டி போட்டுக்கிட்டு தர்மம் பண்றாங்க அக்கா, நல்லதுதானே?" என்றார். தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தெரிந்துகொண்டது, ஊர் ஒத்தக்கை என்று கூப்பிடும் மனிதரைப் பார்த்த அன்று. ஃபேக்டரியின் தோல் கிடங்குக்குப் பின்னால், ஜன்னலைத் திறந்தால் நாற்றம் வரும், மூடினால் மூச்சு முட்டும் அறை. ஒரு கட்டில், பற்றவைக்காத ஸ்டவ், ஆணியில் ஒரு சட்டை. அந்தச் சட்டையின் வலது கை ஊக்கால் மடித்துக் குத்தியிருக்கும். மகளின் ஆபரேஷனுக்காக வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போனவர் அவர். வெட்டும் மெஷின் கையை எடுத்துக்கொண்டது. "கருங்காலிக்கு வேணும்" என்றது வலப்பக்கம். பிறகு விசாரணையில், மெஷினுக்குத் தடுப்பே போடவில்லை என்று உள்ளதைச் சொன்னார். "சோறு போட்ட கம்பெனிக்கே துரோகம் பண்ணிட்டான்" என்று இடப்பக்கமும் கைகழுவியது. மகள் பிழைத்துக் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். இவர் கோவில் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அவருக்கு ஏன் சாப்பாடு போகவில்லை என்று வலப்பக்கத்துச் சங்கத் தலைவரைக் கேட்டால், "அவன் அந்தப் பக்கத்து ஆளு சாமி." இடப்பக்கத்துக்குப் பெரிய ஆளான மேஸ்திரியைக் கேட்டால், "அவன் அவங்க ஆளு சாமி."

அன்று சாமி சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "ரெண்டு அடுப்பு எரியுது, நடுவுல ஒருத்தன் பட்டினி கெடக்குறான்" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் சமையலறையிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு போனது. தூக்கிப் போனது நான்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பலகைத் தட்டியைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பேன்.

சாமி அதைவிடப் பெரிய காரியம் செய்தார். அந்த ஞாயிறு கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று வருகிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். "இந்த வரி வேண்டாம். விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லுங்க. காலங்காத்தால இத்தனை பேரைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசில்ல. நானும் சொல்லப்போறதில்ல. உங்க மேல எனக்கு அவ்வளவு கோபம்."

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். சத்தமாகவே இருக்கிற மனிதர் அந்த ஒரு இடத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்.

சாமிக்கு மேலே இருக்கிற ஆயருக்கு அவர்மேல் மனு போனது. இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் அதில் இருந்தது. கேள்விப்பட்டதும் சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா அக்கா, ஒண்ணு சேத்துட்டேன்ல?"

ஆயர் நேரிலேயே வந்தார். நான் காபி வைக்கப் போனபோது பேச்சு சூடாகியிருந்தது.

"அந்த வரி நல்லவங்களுக்கு எழுதினதில்ல, சாமி. மன்னிக்க முடியாதவங்க சொல்லிச் சொல்லியாவது பழகட்டும்னுதான்."

"முடியாதவங்க சொல்லட்டும், ஆண்டகையே. மாட்டேங்கிறவங்க?"

ஆயர் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். "வர்ற ஞாயிறு செபத்தை முழுசாச் சொல்லணும். இல்லைன்னா இந்தப் பங்கு உமக்கு இல்லை."

வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த சாமியின் முகம் செத்திருந்தது. இந்தப் பங்கை விட்டுப் போக அவருக்கு இஷ்டமில்லை. பொய் சொல்லவும் இஷ்டமில்லை. சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது ஒத்தக்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்களால சாமிக்கு வேலை போகுதுண்ணே" என்றே சொல்லிவிட்டேன். அவர் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்.

ஞாயிறு பூசை நடுவே வாசலில் நிழல் தட்டியது. ஊக்குக் குத்திய சட்டை. "உள்ள வாங்க, முன்னாடி இடம் இருக்கு" என்றார் சாமி. ஒத்தக்கை நடுவழியே வந்தார். வலப்பக்கம் ஒதுங்கி இடம் விடவில்லை, இடப்பக்கமும் விடவில்லை. நடுவிலேயே நின்றுகொண்டார்.

செபம் அந்த வரிக்கு வந்தது. சாமி நிறுத்தினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது நடுவிலிருந்து ஒத்தக்கையின் குரல், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று, அவசரமில்லாமல், முழு வரியையும் சொன்னது. அதில் 'நாங்கள்' என்றுதானே இருக்கிறது? கோவில் நிறைய ஆள் இருக்க, ஒற்றை ஆளாக நின்று அவர் 'நாங்கள்' என்றார். நான் அழுதுவிட்டேன்.

சாமி பீடத்தைவிட்டு இறங்கி வந்தார். வேறு சாமியாராக இருந்தால் ஆமென் சொல்லி முடித்துப் பங்கைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். இவர், "ஒத்த ஆளு 'நாங்கள்'னு சொன்னா எப்படிங்க? கூட ஆள் வேணும். யாரு வர்றீங்க?" என்றார்.

யாரும் அசையவில்லை. பிறகு மேஸ்திரியின் மனைவி பெஞ்சில் ஒதுங்கி, "இங்க உக்காருங்கண்ணே" என்றாள். எதிர்ப்பக்கத்தில் சங்கத் தலைவரின் தம்பியும் உடனே ஒதுங்கினான். "இங்கயும் இடம் இருக்கு."

"அவரு எங்கயும் வரமாட்டாரு," என்றார் சாமி. "நீங்க எந்திரிச்சு இங்க வாங்க."

இருவரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவியை முறைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களோடு நடுவில் நின்று, செபத்தை முதலிலிருந்து ஆரம்பித்து, அந்த வரியையும் விடாமல் சொன்னார் சாமி.

மாற்றல் உத்தரவு எப்படியும் வந்தது. "முழுசாச் சொல்லச் சொன்னேன், ரெண்டு தடவை சொல்லச் சொன்னேனா?" என்று ஆயர் போனில் கேட்டாராம். பலகைத் தட்டி இன்னும் நிற்கிறது. ஆனால் ஒத்தக்கைக்கு இப்போது நான் சாப்பாடு கொண்டுபோவதில்லை. மேஸ்திரி மனைவியும் சங்கத் தலைவரின் தம்பியும் முறைவைத்துக் கொண்டுபோகிறார்கள்.

கிளம்பும் அன்று பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டே சாமி கேட்டார்: "போற எடத்துலயும் ரெண்டு பக்கம் இருக்கும்ல அக்கா?"

"இல்லாம இருக்குமா சாமி?"

"சரி, அப்ப அங்கயும் அந்த வரியில வாயை மூடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.