அழகனுக்கு ஓர் அழைப்பிதழ்

அழகனின் கருமாதி நேற்று முடிந்தது. முதல் பந்தியில் எங்கள் தோட்டத்துக் கிழவர் மூக்கன் உட்கார்ந்து, பாயாசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு கல்யாண வரவேற்பைச் சொன்னால்தான் விளங்கும்.

அழகன், மலையகத்தில் லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது பிழைப்புக்கான வேலை. யாராவது இறந்தால், பாடைக்கு மேல் மூங்கிலும் கலர்க் கடதாசியும் வைத்துத் தேர் கட்டுவது அவர் மனம் வைத்துச் செய்த வேலை. மூன்று தட்டு, நாலு மூலையிலும் கிளி, உச்சியில் கலசம். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காத சொந்தக்காரர்கள்கூடத் தேரைப் பார்த்துவிட்டு, "இப்படிப் போகக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லுவார்கள்.

சாவு வீட்டில் அந்தக் கையை எல்லோரும் புகழ்ந்தார்கள். கல்யாண வீட்டில் மட்டும் அந்தக் கை வாசலைத் தாண்டக் கூடாது. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வராதே என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் இல்லை. கல்யாணக் கார்ட் கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் லயத்தின் அறை வரிசையில் முதல் காம்பராவில் தொடங்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று சிரிப்பார்கள். அழகனின் காம்பரா வந்ததும் அவர்களுக்கு ஏதோ அவசரம் வந்துவிடும். கல்யாணத்தன்று மத்தியானம் வாளியில் சோறு வரும். அவருடைய மனைவி நாகலெட்சுமி முப்பது வருடமாகக் கல்யாணத்தை வாளியில்தான் பார்த்தார்.

2003இல் சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தம்பிஐயாவின் மகள் யசோதினிக்கும் கனடாவில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். நுவரெலியாக் கோயிலில் தாலி கட்டு. அடுத்த நாள் தோட்டத்து உத்தியோகத்தர் கிளப்பில் வரவேற்பு. மாப்பிள்ளையின் அக்கா தயானி டொரொண்டோவிலிருந்து ஒரு சஞ்சிகையின் பக்கங்களைக் கிழித்து அனுப்பியிருந்தார். இந்த வருடம் அங்கே ஆசியப் பாணி அலங்காரம்தான் நாகரிகமாம். வெள்ளைக் கடதாசி லாந்தர்கள், வெள்ளைக் கொக்குகள், மூங்கில் வளைவு. எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஓரத்தில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். காலையிலிருந்து மாலை வரை எல்லாவற்றையும் கையால் செய்கிற எங்கள் தோட்டத்துக்கு, அது ஒரு கலை என்ற செய்தி அப்போதுதான் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தது.

மூங்கிலும் கடதாசியும் என்றால் அழகன்தான். கிளாக்கர் வீட்டுக் குசினி வாசலில் அவரை நிறுத்தி, தம்பிஐயாவும் மனைவி குணபூசணியும் படங்களைக் காட்டினார்கள்.

"இது எந்த ஊருப் பழக்கமுங்கய்யா?" என்று கேட்டார் அழகன்.

"ஆசியா."

"அது எங்கிட்டு இருக்குங்க?"

"சீனா, ஜப்பான் பக்கம்."

"நம்ம அதுல இல்லீங்களா?"

தம்பிஐயா கொஞ்சம் யோசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் எங்கள் தோட்டத்துக் கந்தோரில் கணக்கு எழுதி வந்தவர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "நாங்கள் வேற," என்றார்.

அழகன் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "செஞ்சிருவேங்கம்மா. ஆனா இம்புட்டு வெள்ளைய ரோட்டோரமா கட்டுனா சாவு வீடுன்னுல்ல நெனப்பாங்க?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் செத்தவீடுதான்," என்றார் குணபூசணி. "வெள்ளைக் கொடி கட்டினாத்தான் செத்தவீடு. இது லாந்தர் எல்லோ."

அழகன் படங்களை வாங்கி மடித்துக்கொண்டார். கூலி எதுவும் வேண்டாம், ஒன்றே ஒன்று வேண்டும் என்றார். அவர் பேருக்கு ஒரு கார்ட். அவரும் சம்சாரமும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"அதுக்கென்ன," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவ்வளவு சீக்கிரம் சொன்னபோதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடதாசி வாங்க லிந்துலை பஜாருக்குப் போனபோது, கடைக்கார இப்றாஹிம் நானா ரோலை எடுத்த கையோடு நின்றுவிட்டார். "இவ்வளவு வெள்ளையா? யாரு மௌத்தானது?"

"யாரும் சாகல நானா. கிளாக்கரய்யா மகளுக்குக் கலியாணம்."

நானா கடதாசியை எண்ணிச் சுற்றிக் கட்டினார். "பொண்ணு நல்லாத்தானே இருக்கி?" என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருந்த பழைய அறையில் மூன்று வாரம் வேலை நடந்தது. வெளியே பூட்டு. சாமான்கள் கொழும்பிலிருந்து லொறியில் வருவதாகத் தம்பிஐயா கந்தோரில் சொல்லி வைத்திருந்தார். கிளாக்கர் வீட்டு மேடையைப் பாடை கட்டுகிற கை கட்டியது என்று வெளியே தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அழகன் நூற்றிருபது லாந்தர்களும் எண்ணற்ற கொக்குகளும் செய்தார். கொக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டார். நீண்ட ஆயுளுக்கு என்று சொன்னார்களாம். இதுவரை தான் பறவை செய்து கொடுத்தவர்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை என்று லயத்தில் வந்து சொல்லிச் சிரித்தார்.

கார்ட் வரவில்லை. வரவேற்புக்கு முதல் நாள், தோட்டக் கேட்டிலிருந்து கிளப் வரை இரண்டு பக்கமும் லாந்தர்களைக் கட்டி முடித்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். தம்பிஐயா அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு இந்தப் பக்கம் வந்து நிக்காதை. சோறு அனுப்பிவிடுறன்."

விடிந்தபோது பனிமூட்டம். லாந்தரின் வடிவம் எதுவும் தெரியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை மட்டும்தான் ஆடியது. தலவாக்கலை பஸ் கேட்டடியில் மெதுவாகப் போக, ட்ரைவர் பாட்டை நிறுத்தினார். பத்து மணிக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மரண உதவிச் சங்கம், கேட்காமலேயே, உட்கார ஐம்பது மடக்குக் கதிரைகளோடும் ஒரு கூடாரத்தோடும் வந்து சேர்ந்தது. நல்ல மனிதர்கள். சங்கத்தின் பொருளாளர், பட்டு வேட்டியில் நின்ற தம்பிஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எப்போது நடந்தது என்று தணிந்த குரலில் கேட்டார். தம்பிஐயாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்றைக்குக் கல்யாணம் என்ற ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர்களை அனுப்பி வைப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று வேன்களும் கேட்டுக்கு வந்து நின்றன. மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கி வெள்ளையைப் பார்த்தார்; மடக்குக் கதிரைகள் திரும்பிப் போவதையும் பார்த்தார். "இவை எதையோ மறைக்கினம்," என்று சொல்லி வேனில் ஏறினார். இது நீங்கள் கேட்ட ஆசியப் பாணிதான் என்று குணபூசணி ஓடிப்போய் விளக்கினார். தயானி சஞ்சிகைப் பக்கத்தை நினைத்துப் பார்த்து, அதில் இப்படி இருக்கவில்லை என்றார். அந்த வெள்ளை இறங்கிய பிறகு வருகிறோம் என்று பெரியப்பா சொல்ல, மூன்று வேன்களும் பஜாருக்குத் திரும்பின.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பிஐயா லயத்துக்கு ஓடி வந்தார். அழகன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அழகன், நீங்கள் ஒருக்கா வரவேணும்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் 'நீங்கள்'. உள்ளே இருந்த நாகலெட்சுமி எட்டிப் பார்த்தார்.

"நான் எப்பிடிங்கய்யா கலியாண வீட்டுக்கு வர்றது? எங்களுக்கு கார்ட்டு வரலியே."

தம்பிஐயாவின் சட்டைப் பையில் மிச்சக் கார்ட் ஒன்று இருந்தது. தண்ணீர்ப் பீப்பாயின் மூடியில் வைத்து எழுதினார். அழகன் அதை வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

"திருன்னு போட்டிருக்கா பாரு."

"திரு, திருமதின்னு ரெண்டும் போட்டிருக்கு."

"அப்ப சரி."

வெள்ளையை இறக்குவது சுலபம். அந்த இடத்தில் கட்ட என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அழகனின் தகரப் பெட்டிக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கடதாசியும், செய்து முடித்த கிளிகளும், ஒரு கலசமும் இருந்தன. ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்த மூக்கனின் தேருக்கென்று எடுத்து வைத்தவை. கடைசிக் காம்பராவுக்குப் போய் அழகன் முறைப்படி கேட்டார்.

"மாமா, ஒங்க கடதாசிய எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க மாப்புள. நான் அவசரப்படல."

ஒரு மணி நேரத்தில் கிளப் நிறம் மாறியது. வேன்கள் திரும்பி வந்தன. தயானி மேடையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அசல் ஆசியக் கலை என்றால் இதுதான், சஞ்சிகையில்கூட இப்படி இல்லை என்றார். கொழும்பில் சொல்லிச் செய்வித்தது என்று குணபூசணி உடனே சொன்னார். பரிமாற வந்திருந்த லயத்து ஆட்கள் மேடையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மூன்று தட்டு, நாலு மூலையிலும் கிளி, உச்சியில் கலசம். அதற்குக் கீழே யசோதினியும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்து சிரித்தார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. டொரொண்டோவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் படம் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறதாம்.

அழகனும் நாகலெட்சுமியும் கார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, எட்டுப் பேர் மேசை ஒன்றில் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் வேறு இடத்தில் வேலை வந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியன் என்ற மரியாதையில் எனக்கும் கார்ட் வந்திருந்தது. நான் எழுந்து போகவில்லை. ஏனென்றால் நான் அந்த மேசையில் உட்காரவே இல்லை.

"மத்தவங்க இடிச்சுக்கிட்டு சாப்புடுறாங்க. நமக்கு ரெண்டு பேருக்கு ஒரு மேசை," என்று அழகன் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

கடதாசி போன வேளையோ என்னவோ, மூக்கன் அந்த வருடமே எழுந்து நடந்தார். அழகன்தான் இந்த மாதத் தொடக்கத்தில், கவ்வாத்து மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவருக்குத் தேர் கட்ட ஆளில்லை. தலவாக்கலையிலிருந்து ஒரு பளபளப்பான பெட்டி வந்தது. ரோட்டோரம் வெள்ளை கட்டினார்கள். பஸ் ட்ரைவர் பாட்டை நிறுத்தினார். இந்த முறை யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியை மூடுமுன் நாகலெட்சுமி உள்ளே போய் அந்தக் கார்ட்டை எடுத்து வந்தார். மூலை மடிந்து பழுத்துப் போயிருந்தது. அதை அழகனின் சட்டைப் பையில் வைத்து, வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டார்.

எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

"போற எடத்துலயும் வாசல்ல நிப்பாட்டிருவாங்க," என்றார். "காட்டட்டும்."