அரைக் கிணறு தாண்டியவள்

எசினாமின் வாய்க்கு விடுதியில் நல்ல பெயர். அவளிடம் ஒன்றைச் சொன்னால் இன்னொரு காதுக்குப் போகாது. யார் யாரைக் காதலிக்கிறாள், யார் வீட்டுக்குத் தெரியாமல் தலைநகர் அக்ராவுக்குப் போய் வந்தாள், எல்லாம் அவளிடம் வந்து சேரும். சேர்ந்ததோடு சரி. நல்ல பெயர் எடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. அந்தப் பெயர்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

குமாசி நகரத்தில் மருத்துவப் படிப்பு. ஆறு வருஷம். முதல் மூன்று வருஷம் புத்தகமும் பிணமும்தான். மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு பெரிய பரீட்சை வரும். தாண்டினால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகலாம், உயிரோடிருக்கிற நோயாளியைத் தொடலாம். தாண்டாவிட்டால் அடுத்த வருஷமும் அதே பிணம், அதே புத்தகம்.

எசினாமும் யாய்ராவும் முதல் நாளிலிருந்தே ஒரே அறை. ஒரே சட்டியில் சோளமாவுப் பான்கு கிளறி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். யாய்ராவின் அம்மா அன்லோகாவில் வெங்காயப் பாத்தி போடுகிறவள். கடலோர மணலில் விளைகிற சின்ன வெங்காயம். புருஷன் போன பிறகு அந்த வெங்காயத்தை விற்றுத்தான் மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தாள். எசினாமைப் பெற்றவளோ, வேறொருவனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி லோமேக்குப் போனவள், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் லீவு விட்டால் எசினாமுக்கும் அன்லோகாதான். அங்கே பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவாள், திட்டு வாங்குவாள், தலை பின்னிக்கொள்வாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. யாய்ராவின் தாய்மாமன் செலோர்ம்.

"எசினாம், அவ பக்கத்துல இல்லையே?"

"இல்ல மாமா. லைப்ரரில இருக்கா."

"அக்காவை ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். கல்லீரலாம். யாய்ராகிட்ட மூச்சு விட்டுடாத. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. ஒரு வருஷப் படிப்பு போயிடும்."

அதற்குள் யாரோ போனை வாங்கினார்கள். அம்மாவேதான். குரல் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களாடி?"

"சாப்பிட்டோம்மா."

"யாய்ராவைக் கொஞ்சம் வரச் சொல்லு கண்ணு. பாக்கணும் போல இருக்கு."

மாமா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஜுரத்துல பேசுறா. நீ அதெல்லாம் மனசுல வச்சுக்காத. பரீட்சை முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

எசினாம் அன்று ஒரு காரியம் செய்தாள். புத்தகத்தைத் திறந்து அந்த நோயைப் படித்தாள். மாதக்கணக்கில் இழுக்கும் என்று போட்டிருந்தது. சரி, நாள் இருக்கிறது என்று புத்தகத்தை மூடினாள். ஒரு அம்மா பெண்ணைப் பார்க்கணும் என்று கேட்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. அதெல்லாம் வார்டில், நோயாளியின் தலைமாட்டில் நின்று கற்றுக்கொள்கிற பாடம், அடுத்த மூன்று வருஷத்துப் பாடம். அரைக் கிணறு தாண்டியவளுக்கு அது எப்படித் தெரியும்?

பரீட்சை தொடங்குவதற்குள் அம்மா போய்விட்டாள். மாமா அழுதுகொண்டே சொன்னார்: "ஐஸ் அறைல வச்சிருக்கோம்மா. நம்ம பக்கம் மாசக்கணக்குல வைக்கிறதுதானே. புள்ள எழுதி முடிக்கட்டும். இத்தனை நாள் காப்பாத்திட்ட, இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்க. அப்புறம், அவளோட அளவு ரவிக்கை ஒண்ணு பஸ்காரன்கிட்டக் குடுத்து அனுப்பு. துக்கத் துணி தைக்கணும்."

அவள் அனுப்பினாள். சாயங்காலமே யாய்ரா கட்டிலுக்கடியில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"என் நீல ரவிக்கை எங்கடி?"

"நான்தான் எடுத்தேன். கறை பட்டுடுச்சு. துவைக்கப் போட்டிருக்கேன்."

"உனக்கா? என் ரவிக்கை உனக்கு ஒரு கைல ஏறுமாடி? நான் குச்சி, நீ குதிரு." யாய்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது கெடக்கட்டும். அம்மா போன் ஏன் எடுக்கவே மாட்டேங்குது?"

"உங்கம்மா போனு என்னைக்கு சார்ஜோட இருந்திருக்கு? பாத்தில எங்கயாவது புதைச்சு வச்சு தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பாங்க."

அதற்கும் யாய்ரா சிரித்தாள். எசினாம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செத்தவளை வைத்துச் சிரிப்புக் காட்ட வேண்டிய நிலைமை எந்தப் பாவிக்கும் வரக் கூடாது.

பரீட்சைக் கூடத்தில் யாய்ரா அவளுக்கு முன் வரிசை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். எசினாம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் எலும்பைக் கையில் கொடுத்து அதன் பெயரைக் கேட்டார். முதல் மாதமே படித்த எலும்பு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

கடைசித் தேர்வு முடிந்த மதியம் விடுதி வாசலில் மாமா நின்றார், கூட இரண்டு பெரியம்மாக்கள். யாய்ரா ஓடினாள். பாதி வழியில் பெரியம்மாக்கள் உடுத்தியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள். அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்லோகாவில் கறுப்பு ரவிக்கையைக் கொடுத்தார்கள். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாய்ரா தோள் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு அப்பால் நின்ற எசினாமைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு பேச்சும் நின்றுபோயிற்று. குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே துணி. எசினாமுக்கு இல்லை, அவள் விருந்தாளி. பந்தலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு வந்தது. யாய்ரா தாண்டிவிட்டாள். எசினாம் கவிழ்ந்துவிட்டாள்.

தாண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரியை ஒட்டி வேறு விடுதி. யாய்ரா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். எசினாம் கதவோரம் வந்து நின்றாள்.

"நான் தூக்கட்டுமா?"

"வேணாம்."

"உனக்காகத்தான்டி, யாய்ரா..."

"தெரியும். எல்லாரும் எனக்காகத்தான் பண்ணீங்க." யாய்ரா பெட்டியை அழுத்தி மூடினாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மா என்னைக் கேட்டாளா?"

அதை மட்டும் என்றைக்கும் சொல்லக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருந்தார். இல்லை, மயக்கத்திலேயே இருந்தாங்க என்று சொன்னால் விஷயம் முடிந்தது. யாய்ராவுக்கும் நிம்மதி, ஒருவேளை சிநேகிதமும் மிஞ்சும். எசினாமுக்குப் பொய் தொண்டைவரை வந்தது. ஆனால் அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"கேட்டாங்க. பாக்கணும் போல இருக்குன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க."

யாய்ரா பெட்டியின் பூட்டை மாட்டினாள். அழவில்லை.

"காலைல பஸ் ஏறியிருந்தா சாயங்காலம் அவ பக்கத்துல இருந்திருப்பேன்."

"நீ ஃபெயிலாயிருப்படி. ஒரு வருஷம் போயிருக்கும்."

"போகட்டுமே. பரீட்சை அடுத்த வருஷமும் வருது. நீயே எழுதப் போறியே."

யாய்ரா மடித்த வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி வெளியே போனாள். படிக்கட்டில் பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்குவது கேட்டது.

"அவங்க எனக்கும் அம்மாதான்டி" என்று எசினாம் சொன்னபோது, கேட்க அங்கே யாரும் இல்லை.