கிராணியும் மூன்றாம் கதவும்

வெள்ளை டேப் ஒரு துண்டு. கட்டைவிரல் அகலம். அசாம் ஜாவா ஊரில் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் இணையக் கம்பெனியின் கேபின் இருக்கிறது. அதற்குள் இரும்பு அடுக்கில் உட்கார்ந்திருக்கும் ரௌட்டரின் நெற்றியில் அது ஒட்டியிருக்கிறது. கறுப்பு மார்க்கரில் சில ஆங்கில எழுத்து, சில எண், கடைசியில் தமிழில் ‘கதவு 3’. கோணல் எழுத்து. என்னுடையது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். வண்டி ஓட்டுவது, கேபிள் இழுப்பது, கேபின் சாவியை வைத்திருப்பது, இதுதான் என் வேலை. புதிதாக வருகிற டெக்னிஷியன்கள் டேப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதை எழுதச் சொன்னவரை நாங்கள் கிராணி என்று கூப்பிட்டோம். எங்கள் நெட்வொர்க் என்ஜினியர். அப்போது முப்பதைத் தாண்டிய பெண். அவருடைய தாத்தா, நான் பிறந்த தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, கணக்குப்பிள்ளை. பெயர் பதிகிற புத்தகம் அவர் கையில் இருந்தது. என் அப்பா அவர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. இது தெரிந்த அன்று நான் வண்டியில் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவே பேச்சை எடுத்தார். “எங்க தாத்தா உங்க அப்பாவ ஏசியிருப்பாரு. நீங்க என்னைய நல்லா ஏசிருங்கண்ணே. சரியாப் போச்சு லா.” நான் ஏசவில்லை. கிராணி என்று மட்டும் கூப்பிட்டேன். அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அந்த வருடம் பழைய இணைய முகவரிகள் தீர்ந்துபோய், நீளமான புதிய முகவரிகளுக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருந்தார்கள். சுங்கை பெசாரில் எங்களைப் போலவே ஒரு சின்னக் கம்பெனி. அவர்களுடைய பெட்டி ஒன்று எங்கள் கேபினிலேயே, எங்கள் பெட்டிக்குக் கீழே இருந்தது. இருந்தும் என்ன, இங்கிருக்கும் ஒருவர் சுங்கை பெசாரில் இருக்கும் தன் தம்பிக்கு ஒரு படம் அனுப்பினால் அது கோலாலம்பூர் வரை போய்த்தான் திரும்பி வரும். நடுவில் ஒரு கை நீளம் கேபிள் போட்டால் இரண்டு பெட்டியும் நேராகப் பேசலாம். அதற்குப் பியரிங் என்று பெயர். கேபிள் மட்டும் போதாது. இந்தப் பெட்டியில் அதன் முகவரியை எழுத வேண்டும், அந்தப் பெட்டியில் இதன் முகவரியை எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அந்தப் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும்.

வேலை தொடங்குகிற நேரத்தில் கிராணிக்கு வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஆபரேஷன் நடந்தது. சில நாள் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதலாளி போனில் நலம் விசாரித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் புது முகவரி ஓடவில்லை என்றால் கோலாலம்பூர் ஆட்களைக் கூப்பிடப்போவதாகவும் சொன்னார். அவர்கள் ஒரு வேலைக்கு வர மாட்டார்கள். மொத்த வேலையையும் கேட்பார்கள். பிறகு கிராணிக்கு அங்கே நாற்காலி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை செரண்டாவில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணில் பிளாஸ்டிக் மூடி. அவருடைய அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்து பின் சீட்டில் உட்காரவைத்தார். கிராணி மடியில் தலையணையை வைத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “கண்ணு போனா போகட்டும்ணே. சீட்டும் சேந்து போகக்கூடாது.” நான் வண்டியை எடுத்தேன். தூறல். கொஞ்ச தூரம் போனதும் தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. “வெளிய என்னண்ணே தெரியுது?” செம்பனை என்றேன். “அப்புறம்?” செம்பனை. “உங்களோட வந்தா ஊர் சுத்திப் பாத்த மாதிரியே இருக்கு, போங்க.”

அந்த மத்தியானம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போல என் நினைவில் கிடக்கிறது. வெளியே மழை. உள்ளே ஏர்கான் குளிர், பெட்டிகளின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. கிராணி மேசை ஓரத்தில் மடித்த துண்டை வைத்து அதில் நெற்றியை ஊன்றித் தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினேன். என் அப்பா ஞாபகம் வந்தது. வந்து போய்விட்டது.

“எஃப்.” தட்டினேன். “ஈ. எட்டு. கோசோங்.” கோசோங் என்றால் எங்கள் பேச்சில் பூஜ்யம், வெறுமை. தட்டினேன். “இப்ப மேல ஒண்ணு கீழ ஒண்ணு, அந்தப் புள்ளி. ரெண்டு தடவ. நடுவுல எல்லாம் கோசோங்னு அர்த்தம், எழுத வேணாம். கடைசியில ஒண்ணு.” எனக்கு இங்கிலீஷ் எழுத்து தடுமாறும் என்றேன். “இந்த முகவரியில எஃப்புக்கு மேல எழுத்தே கிடையாதுண்ணே. ஆறு எழுத்து தெரிஞ்சா போதும்.” அது எனக்குப் பிடித்தது. முழுதும் எழுதாமல் வெறுமையை வெறுமையாகவே விட்டுவிடுகிற முகவரி.

போனில் சுங்கை பெசார் டெக்னிஷியன். “கிராணி, எங்க பக்கம் ரெடி. உங்க டைப்பிஸ்ட் பாஸ் ஆயிட்டாரா?”

“அவரு டைப்பிஸ்ட் இல்ல தம்பி, என் கண்ணு. ஒழுங்காப் பேசு.”

திரையில் ஒரு சொல் வந்தது. ‘ஆக்டிவ்’ என்று வாசித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். “ஐயோ அண்ணே, ஆக்டிவ்னா இன்னும் தேடிக்கிட்டு இருக்கு. கிடைக்கல.” அழித்து மறுபடியும் தட்டினோம். ஆக்டிவ். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஆக்டிவ். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. கிராணியின் கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. முதலாளியின் அழைப்பு வந்தது. அவர் எடுக்கவில்லை. “என்னண்ணே, மூச்சுச் சத்தம்கூட காணோம்? எதாச்சும் சொல்லுங்க.”

எனக்குப் பேச வராது. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தேன். அரை மணி நேரமாகச் சொல்லலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டிருந்தேன். “மேல கோலாலம்பூர் கேபிளுக்கும் இதே முகவரி இருக்கே” என்றேன்.

“இருக்கும். இந்த மாதிரி முகவரி அந்தந்தக் கேபிளுக்குள்ளதான் செல்லும். அதனால எல்லாரும் ஒண்ணுன்னே வச்சிருவாங்க.”

“அப்ப எந்த வீட்டுக்குப் போறதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

நான் சொன்னேன். தோட்டத்தில் எங்கள் வீடு ஏ டிவிஷன், மூன்றாவது லயத்து வரிசையில் நான்காவது வீடு. பி டிவிஷனிலும் ஒரு மூன்றாவது லயம், அதிலும் ஒரு நான்காவது வீடு. ஒரு நாள் லோரிக்காரர் ‘மூணாவது லயம், நாலாவது வீடு’ என்று கேட்டு எங்கள் வாசலில் ஒரு அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். அம்மா சாமி கொடுத்தது என்றார். மூன்று நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து நின்றபோது மூட்டை பாதியாகியிருந்தது.

கிராணி தலையைத் துண்டில் வைத்தபடியே சிரித்தார். தோள் குலுங்கியது. “கதவு! கேபிள் செருகுற கதவ நான் சொல்லவே இல்ல. என் நோட்டுல வேற மாதிரி முகவரிக்கு எழுதி வச்சிருந்தேன், அதுக்குக் கதவு வேணாம். கடைசி நேரத்துல இதுக்கு மாத்தினோம். அப்படியே சொல்லிட்டேன். அண்ணே, பின்னாடி கதவு நம்பர் போடுங்க. மூணு.”

போட்டேன். விசிறிகள் இரைந்தன. பழைய சொல் போய்விட்டது. புதிதாக வந்தது நீளம். எனக்கு வாசிக்க வரவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னேன். “ஈ, எஸ், டி, ஏ, பி…”

“போதும்ணே” என்றார். “போதும். கிடைச்சிருச்சு.” போனில் சுங்கை பெசார்காரர் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. கிராணி முதலாளியைக் கூப்பிட்டு, “ஓடுது சார்” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், “ஒரு டேப்புல எழுதி ஒட்டிருங்க. அடுத்து வர்றவன் கதவ மறந்துருவான்” என்றார். எழுதி ஒட்டினேன். திரும்பும் வழி முழுதும் பின் சீட்டில் தூங்கினார். மழை விட்டிருந்தது. ரோட்டில் தேங்கிய நீரில் செம்பனைகள் தலைகீழாக நின்றன. இதைச் சொல்ல வாய் வந்தது. எழுப்பவில்லை.

கண் திரும்பவில்லை. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான். நாற்காலி இருக்கிறது, செரண்டா வீட்டுக்கு மாறிவிட்டது. கம்ப்யூட்டர் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது. பெட்டியைத் தொடுகிற வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார். இப்போது நான் இரண்டு விரலால் தட்டுகிறேன்.

போன மாதம் பழைய ரௌட்டரைக் கழற்றிப் புதியது வைத்தோம். அன்று தானும் வர வேண்டும் என்றார் கிராணி. கூட்டி வந்தேன். கையைப் பிடித்துக் கேபினுக்குள் விட்டேன். அதே இரைச்சல். பழைய பெட்டியிலிருந்து டேப்பை நகத்தால் கிளப்பிப் புதியதில் ஒட்டியிருந்தேன். அவர் விரல் தேடிப் போய் அதன்மேல் நின்றது. அவர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“என்ன எழுதியிருக்கு? வாசிங்கண்ணே.”

“எஃப், ஈ, எட்டு, கோசோங். புள்ளி, புள்ளி. ஒண்ணு.”

அங்கே நிறுத்தினேன்.

“எந்தக் கதவு?” என்றார்.

“மூணு” என்றேன்.