மஞ்சள் வைத்த மூலை

“தொட்டுப் பார்க்காம பட்டு எடுக்கிறவள இப்பத்தான் பார்க்குறேன். படத்துல சோத்தைப் பார்த்தா உனக்கு வயிறு நிறைஞ்சிடுமாடி?”

மன்னார்குடியிலிருந்து அத்தை போனில் இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவர் மகளுக்கு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீராக அப்பா கொண்டுபோகும் துணியைத்தான் அந்தப் பெண் சபையில் உடுத்திக்கொள்ள வேண்டும்.

அப்பாவால் கடைக்கு நகர முடியவில்லை. குறுவை அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடந்தது. மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும் என்று அங்கேயே காவல் இருந்தார். “நான் பார்த்துக்கிறேன்ப்பா” என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தவள். பயிர்க் காப்பீட்டு மனுவிலிருந்து கேஸ் சிலிண்டர் பதிவு வரை எங்கள் தெருவுக்கே செய்துகொடுப்பவள். ஒரு பாவாடை தாவணி எம்மாத்திரம்?

அத்தை மகள், பிடித்த படங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு தளத்தில் தன் சடங்குக்காகவே படங்கள் திரட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். சந்தன நிறப் பட்டுப் பாவாடை, அரக்குத் தாவணி, அகலமான சரிகை. அந்தப் படத்தைத் தொட்டால் அதே சாயலில் நாற்பது படங்கள் வந்தன. யார் வீட்டு விசேஷத்தில் எடுத்ததோ, யார் நெய்ததோ, எங்கும் இல்லை. கைமாறிக் கைமாறி வந்த படம். கடைசியில் ஒரு கடையின் இணையப் பக்கத்தில் அதே படம், கீழே ‘வாங்க’ என்ற பொத்தான். மூன்று நாள் தேடியவளுக்கு அது போதும் என்று தோன்றியது. அழுத்தினேன். அன்றே அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன், அத்தை பார்க்கட்டும் என்று. பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

சடங்குக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரத்தில் பார்சல் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், துணி பிரிக்கப்பட்டு, சாமி படத்தின் முன்னால் வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் இருந்தது. பாவாடையிலும் தாவணியிலும் ஒரு மூலையில் அம்மா மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் முதலில் மஞ்சள் வைத்துத்தான் எடுப்போம். கைக்குட்டைக்குக்கூட.

பாவாடையை எடுத்ததும் கை அறிந்துவிட்டது. எடையே இல்லை. சரிகை என்று நான் நினைத்தது வெறும் அச்சு. நகத்தால் சுரண்டினால் பொன்னிறத் தூள் வந்தது. உள்ளே கையை விட்டால் ஐந்து விரலும் வெளியே தெரிந்தன.

“நல்லாத்தானடி இருக்கு?” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்த்தபடி.

“திருப்பி அனுப்பணும்மா.”

துணியின் நான்கு பக்கமும் படம் எடுத்து ஏற்றச் சொன்னது அந்தக் கடையின் பக்கம். ஏற்றினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: கறை பட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது.

படித்துச் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. “மஞ்சளையா கறைங்கிறாங்க?”

அதற்குள் அவளே பாவாடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், மூலையை சோப்புப் போட்டுக் கசக்கினாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் இரத்தச் சிவப்பாகத் திரும்பியது. சந்தன நிறத்தில் அது நன்றாகவே தெரிந்தது. அம்மா கையைத் துணியிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மஞ்சள் வைக்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தோன்றாத ஒன்றை எப்படிச் சொல்லியிருப்பேன்?

கடைக்கு மறுபடி எழுதினேன். இது எங்கள் வழக்கம், யாரும் உடுத்தவில்லை, துணி படத்தில் இருந்ததே அல்ல. ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று வந்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். அதே வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தது. மூன்றாம் முறை எழுதும்போது, அங்கே ஆளே இல்லை என்று தெரிந்துவிட்டது. நான் படித்த படிப்பில் எந்த வரியும் அதற்கு எட்டாது.

மதியம் அப்பாவிடம் போனேன். ஈரப்பதம் கூடுதல் என்று அன்றும் எங்கள் நெல்லை எடுக்கவில்லை. கையால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி வுடு. தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். படத்தைப் பார்த்து நான்தான் சரின்னேன்னு சொல்லிடுறேன். உன் பேரு வராது.”

“உங்களுக்குப் போன்ல படம் பார்க்கவே தெரியாதுன்னு அத்தைக்குத் தெரியும்ப்பா.”

“தெரிஞ்சா என்ன? என்னைத்தான ரெண்டு வார்த்தை கேட்கும். கேட்கட்டும்.”

அந்த நெல்லுக்கு முன்னால் குந்தியிருந்தவர் இன்னொன்றையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை அப்பா போனைத் தேடுவதற்கு முன்பே மன்னார்குடிப் பேருந்தில் ஏறி அத்தைக்குப் பேசிவிட்டேன். “அத்தை, நீங்க சொன்னது சரிதான். படத்தைப் பார்த்து எடுத்தது என் தப்புதான். துணி சரியில்ல. புள்ளைய ரெடியா இருக்கச் சொல்லுங்க. கடைக்குப் போவோம், நீங்க தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.”

அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வைத்துவிட்டேன். சிவந்த மூலை மேலே தெரிய மடித்த பாவாடை மடியில் இருக்க, பேருந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தது.